பங்காளிகளின் கிணறு

2007ஆம் வருஷம் ஜூலை மாதம் 16ஆம் தேதி, ஜப்பானியர் கடல் தினம் என்று கொண்டாடும் விடுமுறைத் திங்கட்கிழமையன்று, காலை பத்து மணி பதின்மூன்று நிமிஷத்துக்கு நீகாத்தா மாகாணத்துக் கடலடியில் பூமி அசைந்தது. கரையோர நகரமான காஷிவாஸாகியில் வீடுகள் சரிந்தன. பதினைந்து உயிர்கள் மாண்டன. அருகிலிருந்த அணுமின் நிலையத்திலிருந்து கரும்புகை எழுவதைத் தொலைக்காட்சியில் கண்டு தேசம் முழுவதும் திகைத்தது. அந்தப் பரபரப்பிலே, அதே நகரில் ரிக்கென் என்னும் தொழிற்சாலையின் யந்திரங்கள் நிலை பெயர்ந்தும் கவிழ்ந்தும் கிடந்த செய்தியை முதல் நாளன்று வெளியார் யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் டொயோட்டாவும் நிஸ்ஸானும், ஹோண்டாவும் மஸ்தாவும், சுசுகியும் மிட்சுபிஷியும் சுபாருவும், ஒருவர் வியாபாரத்தை ஒருவர் பறித்துக்கொள்ள அல்லும் பகலும் முயல்கிற அத்தனை கம்பெனிகளும், தங்கள் தொழிற்சாலைகளை நிறுத்தவோ வேலையைக் குறைக்கவோ நேர்ந்தது. வெளிவரவேண்டிய வண்டிகளில் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் தாமதப்பட்டன.

காரணம் ஒரு வளையம். பிஸ்டனைச் சுற்றி, அதன் மேல்விளிம்பை ஒட்டி வெட்டப்பட்ட பள்ளங்களில் அமர்ந்திருக்கும் பிஸ்டன் ரிங்கைத்தான் சொல்கிறேன். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. ஓரிடத்தில் அறுபட்டு, அந்த இடைவெளியினால் வில்போல் விரிந்து, சிலிண்டரின் சுவரை எப்போதும் மெல்ல அழுத்திக்கொண்டிருக்கும். மேலே எரிகிற வாயு கீழே இறங்காமலும், கீழே இருக்கிற எண்ணெய் மேலே ஏறாமலும் அது காவல் காக்கிறது. ரிங் தேய்ந்த எஞ்சின் எண்ணெய் குடிக்கும், நீலப்புகை தள்ளும் என்பது நம்மூர் மெக்கானிக்குகள் எல்லாரும் அறிந்த விஷயம். ஜப்பானில் உபயோகிக்கப்பட்ட பிஸ்டன் ரிங்குகளில் சுமார் பாதியை அந்த ஒரே கம்பெனி செய்துகொண்டிருந்தது. வாங்குகிறவர்களோ, வேண்டியதை வேண்டிய நேரத்தில் மட்டும் தருவித்துக்கொள்ளும் வழக்கத்தினால், கையிருப்பு என்று எதையும் அதிகமாக வைத்துக்கொண்டிருக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. கார்க் கம்பெனிகள் தத்தம் ஆட்களை நூற்றுக்கணக்கில் காஷிவாஸாகிக்கு அனுப்பின. போட்டியாளர்களின் பொறியாளர்களும் தொழிலாளிகளும் ஒரே கூரையின்கீழ் நின்று, சாய்ந்த யந்திரங்களை நிமிர்த்தி, மட்டம் பார்த்து, போல்ட்டுகளை முடுக்கினார்கள். ஜூலை 23ஆம் தேதி, அதாவது பூகம்பத்துக்கு ஒரு வாரத்தில், ரிக்கெனில் மீண்டும் வேலை தொடங்கியது. இவர்களுடைய உறவுக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: பங்காளிகள். பங்கு கேட்டு நியாயஸ்தலம் ஏறுகிறவனும் பங்காளிதான். சாவு விழுந்தால் தீட்டுக் காக்கக் கடமைப்பட்டவனும் பங்காளிதான். வரப்புக்காக வெட்டிக்கொள்கிற இரண்டு குடும்பங்கள், பாட்டன் வெட்டிய கிணற்றிலே முறை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். ஜப்பானிய மோட்டார்த் தொழிலுக்கும் அப்படிப்பட்ட கிணறுகள் உண்டு. அவற்றைத் தோண்டியது அன்பு அல்ல, பெரும்பாலும் வறுமையும் நிர்ப்பந்தமுமே என்பது என் அபிப்பிராயம்.

ரிக்கெனின் பிறப்பே விசித்திரமானது. 1917ல் டோக்கியோவில் பௌதிக, ரசாயன ஆராய்ச்சிக்காக ஒரு நிலையம் நிறுவப்பட்டது. அதன் ஜப்பானியப் பெயரின் சுருக்கமே ரிக்கென். பணமுடையில் தள்ளாடிக்கொண்டிருந்த அந்த நிலையத்துக்கு 1921ல் தலைவராக வந்த ஒகோச்சி மசதோஷி, விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்புகளைத் தாமே தொழிலாக்கி, அந்த லாபத்திலேயே ஆராய்ச்சியை வளர்ப்பது என்று தீர்மானித்தார். எபிஹாரா கெய்கிச்சி என்ற ஆராய்ச்சியாளர் 1926ல், வட்டம் முழுவதும் ஒரே சீரான அழுத்தம் தரும் பிஸ்டன் ரிங்கைச் செய்யும் முறையைக் கண்டார். மறு வருஷமே அதைச் செய்ய ஒரு கம்பெனி தோன்றியது. ஒகோச்சிக்கு மற்றொரு கொள்கையும் இருந்தது. தொழில் நகரத்திலேயே குவியக்கூடாது. ஒரே வேலையை மட்டும் செய்யும் எளிய யந்திரங்களை அமைத்துவிட்டால், கிராமத்துப் பெண்களும் நுட்பமான பாகங்களைப் பிழையின்றிச் செய்யலாம் என்று அவர் நம்பினார். பனி மூடிய நீகாத்தாவில், வயல்வேலை இல்லாத குளிர்காலத்தில், உழவர் வீட்டுப் பெண்கள் ரிங் கடைந்தது அந்தக் கொள்கையின் பயனே.

அக்காலத்து ஜப்பானியத் தெருக்களில் ஓடிய கார்களோ அமெரிக்கருடையவை. ஃபோர்டு 1925ல் யோகொஹாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1927ல் ஒசாக்காவிலும் பாகங்களைக் கப்பலில் இறக்கி வண்டி பூட்டின. தறி செய்த குடும்பத்தில் பிறந்த டொயோடா கீய்ச்சிரோ கார் செய்யப் புகுந்தபோது, உலோகம், வார்ப்பு, கடைசல் எதிலும் அவர் நாடு அந்தத் தரத்தை எட்டியிருக்கவில்லை. எஞ்சினுக்கு ஷெவர்லேயையும், லாரியின் அடிச்சட்டத்துக்கு ஃபோர்டையும் மாதிரியாகக் கொண்ட அவர், தம் வண்டியின் பாகம் கெட்டுவிட்டால் அந்த அமெரிக்க வண்டிகளின் பாகத்தை மாட்டிக்கொள்ள முடியவேண்டும் என்பதையும் கருத்தில் வைத்தார். 1935ல் வெளிவந்த அவருடைய முதல் லாரிகள் வழியிலேயே பின் அச்சு உடைந்து நின்றன என்பதை நினைத்தால், அது எவ்வளவு யோசனையான ஏற்பாடு என்பது விளங்கும். போட்டியாளனின் பாகம் தன் வண்டியில் பொருந்தவேண்டும் என்ற எண்ணம், இவ்வாறு அந்தத் தொழிலின் முதல் ஏட்டிலேயே எழுதப்பட்டுவிட்டது.

1936ல் வந்த மோட்டார் உற்பத்திச் சட்டம் அந்நியரைப் படிப்படியாக வெளியேற்றியது. அதன்பின் பாகம் வேண்டுமானால் உள்ளூர்ப் பட்டறைகளைத்தான் நம்பவேண்டும். 1939ல் டொயோட்டாவுக்குப் பாகம் கொடுப்போர் கூடிய சங்கம் 1943ல் க்யோஹோகாய் என்று பெயர் பெற்று இன்றும் இருக்கிறது. யுத்தம் முடிந்தபின், 1949ல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த டொயோட்டா தன் மின்சாதனப் பிரிவைத் தனியே பிரித்துவிட்டது. பிரிந்த பிள்ளைக்கு டொயோட்டா என்ற குடும்பப் பெயர் சூட்டப்படவில்லை. ‘ஜப்பான் மின்சாதனம்’ என்று பொருள்படும் நிப்பான் டென்சோ என்று தேசத்தின் பெயரே இடப்பட்டது. அது 1953ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, டைனமோவும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்யக் கற்று, காலக்கிரமத்தில் டொயோட்டாவின் எதிரிகளுக்கும் தன் சரக்கை விற்றது. வறுமையால் வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட பிள்ளை ஊருக்கெல்லாம் உழைக்கிறவனாக ஆன கதை அது.

1950களில் நிஸ்ஸான் இங்கிலாந்தின் ஆஸ்டினையும், இசுசு ஹில்மனையும், ஹினோ பிரான்சின் ரெனோவையும் பூட்டத் தொடங்கின. சர்க்கார் விதித்த நிபந்தனை, பாகங்களைச் சில வருஷங்களுக்குள் ஒவ்வொன்றாக உள்நாட்டிலேயே செய்துவிட வேண்டும் என்பது. இந்த நிபந்தனைதான் கிணறு வெட்டிய கடப்பாரை என்று சொல்லலாம். ஆஸ்டினுக்குக் கண்ணாடியும், ஹில்மனுக்கு ரப்பர்க் குழாயும், ரெனோவுக்கு விளக்கும் செய்யப் பழகிய பட்டறைக்காரர்கள், ஒரு கம்பெனியின் ஆர்டரால் மட்டும் பிழைக்கமுடியாது என்று கண்டு, அதே கைத்திறனை அடுத்த வாசலிலும் விற்றார்கள். 1956ல் யந்திரத் தொழில் அபிவிருத்திக்காக ஒரு சட்டம் இயற்றி, பாகம் செய்வோருக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்து, தேய்ந்துபோன பழைய லேத்துகளை மாற்ற அரசாங்கம் சகாயம் செய்தது. பெரிய கம்பெனிகளைப் பற்றியே புத்தகம் எழுதுகிறவர்கள் இந்தச் சட்டத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ, அந்தத் தேசத்து மோட்டார்த் தொழிலின் அஸ்திவாரம் கார்க் கம்பெனிகளின் வாசலில் அல்ல, அந்த லேத்துகளின் அடியில் இருப்பதாகவே தோன்றுகிறது.

கண்ணுக்குத் தெரியாத மற்றொரு பொதுச்சொத்து, அளவு. 1949ல் இயற்றப்பட்ட தொழில் தரச் சட்டத்தின்கீழ் ஜப்பானியத் தர அளவுகள் பிறந்தன. ஒரு பட்டறையில் ஜப்பானிய வண்டியின் கீழ் படுத்திருக்கும் மெக்கானிக் கையை மட்டும் வெளியே நீட்டி, எந்த ஸ்பானரைக் கேட்கிறார் என்று கவனியுங்கள்: பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஐரோப்பியர் பதின்மூன்று மில்லிமீட்டர்த் தலை வைக்க, ஜப்பானியர் பெரும்பாலும் பன்னிரண்டோடு நிறுத்தினார்கள். போல்ட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது அற்பம். லட்சக்கணக்கான வண்டிகளில், வண்டிக்கு நூற்றுக்கணக்கான போல்ட்டுகளில், அது எத்தனை எஃகு, எத்தனை இடம்! டொயோட்டாவைக் கழற்றிய ஸ்பானரே நிஸ்ஸானையும் ஹோண்டாவையும் கழற்றும். பாட்டரியும் அப்படியே. அதன்மேல் 55 டி 23 எல் என்று அச்சிட்டிருந்தால், முதல் எண் சக்தியையும், டி என்ற எழுத்து அகல உயரத்தையும், 23 நீளத்தைச் சென்டிமீட்டரிலும், கடைசி எழுத்து முனை எந்தப் பக்கம் என்பதையும் குறிக்கும். யார் செய்த வண்டி என்ற கேள்வி அதில் இல்லவே இல்லை. ஜப்பானிலிருந்து வரும் பழைய வண்டிகளையே நம்பி வளர்ந்த கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிபாகக் கடைகளில், பேர் தெரியாத ஒரு பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ‘இது எதற்கெல்லாம் பொருந்தும்?’ என்று கேட்கமுடிகிறதென்றால், அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்தது இந்தப் பொது அளவுதான்.

பாகத்தை யார் வரைவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கியோத்தோ சர்வகலாசாலையின் அசானுமா பன்ரி என்ற பொருளாதார அறிஞர் இதை விளக்கிக் காட்டினார். கார்க் கம்பெனி தானே வரைந்து, ‘இதன்படி செய்’ என்று கொடுப்பது இரவல் வரைபடம். பாகக் கம்பெனியே வரைந்து, கார்க் கம்பெனியின் சம்மதத்தை மட்டும் பெறுவது அங்கீகார வரைபடம். முதல் வகையில் பட்டறைக்காரன் வெறும் கை. இரண்டாவதில் அவன் மூளையும் ஆகிறான். அவ்வாறு வளர்ந்த அறிவு அவன் வீட்டிலேயே தங்கிவிடுகிறபடியால், ஒரு கம்பெனிக்காகக் கற்ற பாடம், அடுத்த கம்பெனிக்குச் செய்யும் பாகத்திலும் தானாகவே இறங்கிவிடுகிறது. ரகசியங்களைப் பூட்டிவைக்க எவ்வளவு பிரயத்தனப்பட்டாலும், ஒரே தையற்காரனிடம் துணி கொடுக்கிறவர்களின் சட்டைகள் ஒன்றுபோல் ஆவதைத் தடுக்கமுடியாதல்லவா?

பாகங்களின் சேர்க்கை இப்படித் தானாக நடந்ததே தவிர, மேலிருந்து ஏவிய சேர்க்கை நடக்கவில்லை. 1961ல் வாணிப கைத்தொழில் இலாகாவினர், கார்க் கம்பெனிகளை மூன்று கூட்டங்களாகப் பிரித்து, இன்னார் இன்ன வகை வண்டிதான் செய்யலாம் என்று வரையறுக்கத் திட்டமிட்டார்கள். புதிதாக யாரும் நுழைய இடமில்லாமற் போகுமென்று கண்ட ஹோண்டா சோய்ச்சிரோ, மோட்டார் சைக்கிள்காரரான தமக்கும் கார் செய்ய உரிமை உண்டு என்று வெகுண்டெழுந்து, 1963 ஆகஸ்டில் ஒரு சிறிய லாரியை அவசரமாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தார். இலாகாவின் மசோதா நிறைவேறவில்லை. 1966ல் பிரின்ஸ் கம்பெனி நிஸ்ஸானோடு கலந்தது. ஹினோவும் டைஹாட்சுவும் டொயோட்டாவின் நிழலுக்கு வந்தன. மற்றவர்கள் தனிக்குடித்தனமாகவே நின்றார்கள்.

ஆனால் தனிக்குடித்தனக்காரருக்கும் கியர்பாக்ஸ் வேண்டும். தானாகக் கியர் மாற்றும் பெட்டி, எஞ்சினைவிடச் சிக்கலான சிருஷ்டி. அதற்கான தொழிற்சாலை போடும் செலவு ஒரு கம்பெனிக்குத் தாங்காது. ஆகவே 1970ல் நிஸ்ஸானும், அப்போது டோயோ கோக்யோ என்று வழங்கிய மஸ்தாவும், அமெரிக்காவின் ஃபோர்டோடு சேர்ந்து ஜாட்கோ என்ற பொதுக் கம்பெனியை அமைத்தன. அதற்கு முந்திய வருஷம் டொயோட்டாவின் உறவுக் கம்பெனியான ஐசின், அமெரிக்காவின் போர்க் வார்னரோடு கூடி மற்றொன்றை அமைத்திருந்தது. இந்த இரண்டு அடுப்புகளில் சமைத்த கியர்பாக்ஸ்கள் எத்தனையோ கம்பெனிகளின் வண்டிகளுக்குள், வேறு வேறு பெயரட்டைகளின்கீழ் புகுந்தன.

அடுத்து வந்த பத்தாண்டுகளின் பெருங்கவலை, புகை. 1970ல் அமெரிக்கா இயற்றிய கடுமையான சட்டத்தையும், அதைப் பின்பற்றி ஜப்பான் வகுத்த விதிகளையும் எப்படி நிறைவேற்றுவது என்று பெரிய கம்பெனிகள் தவித்துக்கொண்டிருந்தபோது, கார் செய்யத் தொடங்கிப் பத்து வருஷம்கூட ஆகாத ஹோண்டா, 1972ல் சி.வி.சி.சி. என்ற எஞ்சினை வெளியிட்டு அந்தத் தேர்வில் தேறிவிட்டது. அதே வருஷக் கடைசியில் டொயோட்டா அதன் நுட்பத்தைக் கேட்டு ஹோண்டாவோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. நாட்டின் தலைசிறந்த கம்பெனி, நேற்றுப் பிறந்த கம்பெனியிடம் கைநீட்டியது சிறுமை அல்ல. கேட்டவர்க்கும் கௌரவம், கொடுத்தவர்க்கும் கௌரவம் என்றே நான் கருதுகிறேன்.

இதைவிட மனத்தைத் தொடுவது சுசுகியின் கதை. அக்கம்பெனியின் சிறிய கார்கள் இருவீச்சு எஞ்சினால் ஓடின. எண்ணெயையும் பெட்ரோலையும் கலந்து எரிக்கும் அந்த எஞ்சின், மலிவும் எளிமையும் உடையதாயினும், புதிய புகை விதிகளுக்கு ஏற்பத் திருந்த மறுத்தது. விதி அமலுக்கு வருகிற நாளோ நெருங்கிவிட்டது. விற்பதற்கு எஞ்சின் இல்லாவிட்டால் விற்பனைக்காரர்கள் கலைந்துவிடுவார்கள். கலைந்தவர்களைத் திரும்பச் சேர்ப்பது சாத்தியமில்லை. அந்நிலையில் சுசுகி டொயோட்டாவின் உதவியை நாடியது. டொயோட்டாவின் கூட்டத்தைச் சேர்ந்த டைஹாட்சு, சின்னக் கார்ச் சந்தையில் சுசுகிக்கு நேர் எதிரி; இருந்தும் 1977ல் டைஹாட்சுவின் 547 கன சென்டிமீட்டர் நான்குவீச்சு எஞ்சின், சுசுகியின் ஃப்ரொன்ட்டே காருக்குள் வைக்கப்பட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது எதிரியின் இதயம்! சுசுகி தன் எஞ்சின்களைத் திருத்திக்கொள்ளும் வரையில் அந்த இரவல் அதைக் காப்பாற்றியது. இரண்டு வருஷம் கழித்து, 1979ல், சுசுகி வெளியிட்ட ஆல்ட்டோவின் விலை 470,000 யென். டைஹாட்சுவைச் சந்தையில் திணறடித்த வண்டி அது. எதிரி பிழைத்தால் நாளை தனக்கு இடைஞ்சல் என்று தெரிந்தே உதவியவர்களைப் பற்றி என்ன சொல்வது? அந்த உதவிக்கு ஏறத்தாழ நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, 2016ல் சுசுகி டொயோட்டாவோடு கூட்டுறவு பேசியபோது, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இந்தப் பழைய நன்றியை நினைத்திருக்கவேண்டும்.

வண்டி முழுவதையுமே இரவல் வாங்கும் வழக்கமும் பரவியது. சுசுகியின் சின்ன வண்டிகள் மஸ்தாவின் பெயரிலும், டைஹாட்சுவின் வண்டிகள் சுபாருவின் பெயரிலும் விற்பனையாகின்றன. சின்ன வண்டியைத் தானே செய்வதைச் சுபாரு 2012ல் அறவே நிறுத்திவிட்டது. அதே வருஷம் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த விளையாட்டுக் கார், குன்மா மாகாணத்திலுள்ள சுபாருவின் தொழிற்சாலையில் பிறந்து, இரண்டு கடைகளில் இரண்டு பெயரோடு நின்றது. அதன் எஞ்சின், சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் சுபாருவின் பரம்பரை எஞ்சின். பெட்ரோல் தெளிக்கும் நுட்பம் டொயோட்டாவுடையது. எஞ்சின்மேல் காற்று செல்லும் குழாயில் இரண்டு பெயர்களையும் அருகருகே வார்த்திருந்தார்கள். பெயரட்டையை மாற்றி உள்ளிருப்பதை மறைத்த பழைய வழக்கத்துக்கு நடுவே, கூட்டை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட அந்த வார்ப்பெழுத்து எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி, அந்தப் பூகம்பத்துக்குப் பத்து வருஷம் முன்பு நடந்த ஒரு நெருப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் காஷிவாஸாகியில் நடந்தது விளங்காது. 1997 பிப்ரவரி முதல் தேதி, சனிக்கிழமை, விடிவதற்கு முன் கரியா நகரிலுள்ள ஐசின் தொழிற்சாலையில் தீ மூண்டது. எரிந்துபோன யந்திரங்கள் செய்துகொண்டிருந்தது, பி வால்வு என்னும் ஒரு பிரேக் உறுப்பு: சிகரெட் பெட்டி அளவுள்ள உலோகத் துண்டு, பிரேக்கை மிதிக்கும்போது பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தை அடக்கி, வண்டி வழுக்கிச் சுழலாமல் காப்பது. அதனுள்ளே துளைத்திருக்கும் வழிகள் மயிரிழை பிசகினாலும் பயன்படாது. டொயோட்டாவுக்கு வேண்டிய பி வால்வுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அந்த ஒரே கூரையின்கீழ் செய்யப்பட்டவை. கையிருப்பு இரண்டொரு நாளைக்குக்கூடச் சரியாக வராது. செவ்வாய்க்கிழமைக்குள் டொயோட்டாவின் முப்பது உற்பத்தி வரிசைகளில் இருபது நின்றன. புதன்கிழமை ஏறக்குறைய எல்லாமே நின்றன.

நெருப்பு அணையுமுன்பே ஐசின்காரர்கள் உதவி கோரினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வரைபடங்கள் சென்றன. விலை என்ன, நஷ்டம் யாருக்கு, ரகசியம் வெளியாகுமே என்ற பேச்சுக்கு அவகாசமில்லை. ஐசினின் விசேஷ யந்திரங்கள் யாரிடமும் கிடையாது. ஆகையால் ஒவ்வொரு பட்டறையும் தன்னிடமிருந்த சாதாரண லேத்தையும் துளை யந்திரத்தையும் கொண்டு அதே வால்வைச் செய்யும் உபாயத்தைத் தானே கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. சுமார் இருநூறு கம்பெனிகள் அந்த வேலையில் இறங்கின. வால்வையே செய்து கொடுத்தவர்கள் அறுபதுக்கு மேல். அவர்களில் ஒருவர், கார் உறுப்பு செய்து பழக்கமில்லாத, தையல் மெஷினுக்குப் பிரசித்தமான பிரதர் கம்பெனி. ஒரு யந்திரத்தை ஒழித்துக்கொடுத்து, தொழிலாளி ஒருவர் வால்வை ஒவ்வொன்றாகக் கடைவதை மனத்தில் வைத்துப் பாருங்கள். அப்படி அங்கே ஆனவை சில நூறுதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கார். முதல் வால்வுகளைக் கொண்டுவந்து கொடுத்ததும் பெரிய கம்பெனி அல்ல, ஒரு சிறிய உபகம்பெனியே. சில நாட்களுக்குள்ளேயே வால்வுகள் வரத்தொடங்கின. அடுத்த வாரத் தொடக்கத்தில் டொயோட்டாவின் வரிசைகள் பழைய வேகத்துக்கு வந்தன. கணக்குப் பிற்பாடு பார்க்கப்பட்டது: ஐசின் செலவைக் கொடுத்தது, டொயோட்டா தன் நேரடிப் பங்காளர்களுக்கு அந்தக் காலாண்டு விற்பனையில் நூற்றுக்கு ஒன்று நன்றித்தொகையாக வழங்க, அவர்கள் அதைத் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பகிர்ந்தார்கள்.

அந்தப் பிப்ரவரி, ஒரு குடும்பத்துக்குள் நடந்தது. 2007ல் காஷிவாஸாகியில் அதே பழக்கம் குடும்ப எல்லையைத் தாண்டி எதிரிகளையும் உள்ளே அழைத்துக்கொண்டது. 2011 மார்ச் 11ஆம் தேதிப் பெரும் பூகம்பத்தில், இபராகி மாகாணத்திலுள்ள ரெனெசாஸ் கம்பெனியின் நாகா தொழிற்சாலை பாழானபோது இது பின்னும் விரிந்தது. காரின் எஞ்சினையும் பிரேக்கையும் ஆளும் மைக்ரோ சிப்புகள் அங்கே செய்யப்பட்டன. கார்க் கம்பெனிகளிலிருந்தும் பிற ஸ்தாபனங்களிலிருந்தும் நாளொன்றுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் வரையில் வந்து, இரவு பகலாக முறை வைத்து உழைத்து, முதலில் மதிப்பிட்டதைவிட வெகு முன்னதாக, ஜூன் முதல் தேதியே உற்பத்தியைத் தொடங்கச் செய்தார்கள்.

பொதுக்கிணற்றில் விஷம் விழுந்தால் எல்லார் வீட்டிலும் சாவு என்பதையும் மறைக்கலாகாது. தகாத்தா கம்பெனியின் ஏர்பேக்குகள் ஹோண்டாவிலும் டொயோட்டாவிலும் நிஸ்ஸானிலும் மஸ்தாவிலும் இன்னும் எத்தனையோ அந்நிய வண்டிகளிலும் இருந்தன. காப்பாற்றவேண்டிய அந்தப் பை, உள்ளிருந்த வெடிமருந்து காலத்தாலும் ஈரத்தாலும் கெட்டு, உலோகச் சில்லுகளை வீசி மனிதர்களைக் கொன்றது. உலகெங்கும் சுமார் பத்துக் கோடிப் பைகளைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. 2017 ஜூனில் தகாத்தா திவாலாயிற்று. சேர்ந்து செய்வதால் ஒருவர் பொய் மற்றவர் பெயரிலும் படிகிறது. மிட்சுபிஷி செய்து, நிஸ்ஸானும் தன் பெயரில் விற்ற சின்னக் கார்களின் எரிபொருள் கணக்கு பொய் என்பது 2016ல் வெளியானது, நிஸ்ஸான் தானே அளந்து பார்த்ததால்தான். அந்த ஆறு லட்சத்துச் சொச்சம் வண்டிகளில் பெரும்பான்மை நிஸ்ஸானின் பெயர் தாங்கியவை. 2023 டிசம்பரில் டைஹாட்சு பரிசோதனைகளில் செய்த மோசடி வெளிப்பட்டு அதன் வண்டிகள் எல்லாம் நிறுத்தப்பட்டபோது, டொயோட்டா, மஸ்தா, சுபாரு பெயர்களில் போன வண்டிகளும் உடன் நின்றன.

சிறு பட்டறைக்காரனின் குறையை இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். தீப்பிடித்தபோது ஓடிவந்தவன் அவன். ஆனால் வருஷந்தோறும் ‘விலையைக் குறை’ என்று கேட்கப்படுகிறவனும் அவனே. நிஸ்ஸானைக் கைதூக்கிவிட வந்த கார்லோஸ் கோன், 1999 அக்டோபரில், கொள்முதல் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கவும், 1,145 ஆக இருந்த பாகக் கம்பெனிகளை அறுநூறுக்குமேல் போகாமல் சுருக்கவும் திட்டம் வகுத்தார். நிஸ்ஸான் பிழைத்தது உண்மை, தலைமுறை தலைமுறையாக அதை நம்பியிருந்த பட்டறைகள் கைவிடப்பட்டதும் உண்மை. 2024 மார்ச்சில், முப்பத்தாறு சிறு கம்பெனிகளுக்குத் தரவேண்டிய தொகையிலிருந்து சுமார் முந்நூறு கோடி யென்னை நியாயமின்றிக் கழித்துக்கொண்டதற்காக நிஸ்ஸானை ஜப்பானிய வர்த்தக நியாய ஆணையம் கண்டித்தது. கூட்டுறவு என்ற அழகிய சொல்லை உச்சரிக்கிறவர்கள், அந்தக் கூட்டில் யார் எவ்வளவு பாரம் சுமக்கிறார்கள் என்றும் சேர்த்தே கேட்கவேண்டும்.

இந்த வழக்கம் நம் தெருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 2019 முதல் சுசுகியின் பலேனோவே டொயோட்டாவின் கிளான்ஸாவாகவும் இங்கே விற்கப்படுகிறது. 2022ல் சுசுகியின் கிராண்ட் விட்டாராவை, பெங்களூருக்கு அருகே பிடதியில் டொயோட்டாவின் தொழிற்சாலை செய்யத் தொடங்கியது. சென்னையில் ஒரு சிக்னலில் பலேனோவும் கிளான்ஸாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், முகத்தின் அலங்காரம் நீங்கலாக இரண்டும் ஒன்றே என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

மின்சாரக் காருக்குப் பிஸ்டன் கிடையாது. ஆகவே ரிங்கும் கிடையாது. 2023 அக்டோபரில் ரிக்கெனும், அதன் நெடுநாளைய போட்டியாளரான நிப்பான் பிஸ்டன் ரிங்கும் ஒரே தாய்க் கம்பெனியின்கீழ் ஒன்றுசேர்ந்தன. அதற்கு அடுத்த வருஷம் மே மாதம் 28ஆம் தேதி, டொயோட்டா, சுபாரு, மஸ்தா ஆகிய மூன்று கம்பெனிகளின் தலைவர்களும் ஒரே மேடையில் தோன்றி, மின்சார யுகத்துக்கு இசைந்த புதிய எஞ்சின்களைத் தாங்கள் ஒவ்வொருவரும் தத்தம் மரபுப்படி செய்யப்போவதாக அறிவித்தார்கள்: சிலிண்டர்களை நேர்வரிசையில் நிறுத்திய எஞ்சினை டொயோட்டா, படுக்கவைத்த எஞ்சினைச் சுபாரு, சுழலும் முக்கோணத்தால் இயங்கும் எஞ்சினை மஸ்தா. மஸ்தாவின் முக்கோணத்துக்குப் பிஸ்டன் ரிங் தேவையில்லை. மற்ற இரண்டுக்கும் தேவை.